சிவப்புச் சோப்பும் ஆறு நாள் பிள்ளையும்

பிறந்த பிள்ளையைப் பார்த்து ‘அழுக்கு’ என்று ஒருத்தி சொன்னால் எனக்கு இன்றைக்கும் வாயில் நல்ல வார்த்தை வருவதில்லை. பத்து மாதம் தண்ணீருக்குள்ளேயே கிடந்தவன். அவன் எந்தச் சந்தைக்குப் போனான், எந்தப் புழுதியில் புரண்டான், அவன் மேல் அழுக்கு இருக்க? அழுக்கு நம் கையில் இருக்கிறது. நம் முந்தானையில் இருக்கிறது. பிள்ளை பார்க்க வருகிற உறவுக்காரியின் வாயில் வண்டி வண்டியாக இருக்கிறது.

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கிற நீங்கள், உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னீர்கள். பிரசவம் பார்ப்பது எப்படி என்று நான் எழுதப் போவதில்லை. அதை உங்களுக்குப் படம் போட்டே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். சர்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டு மாட்டியும் வைத்திருக்கிறீர்கள். எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை. பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில், வெள்ளைக்கார டாக்டரம்மாவுக்குப் பின்னால் வெந்நீர்ச் சட்டியைப் பிடித்துக்கொண்டு ஆறு வருஷம் நின்றேன். அதுதான் என் படிப்பு. கையெழுத்துப் போடக் கற்றதே சுவரில் மாட்டியிருந்த வசனங்களைப் பார்த்துத்தான்.

போன வாரம் உங்கள் அலமாரியைப் பார்த்தேன். பவுடர் டப்பா, வாசனை எண்ணெய், ரோஸ் சோப்பு, இன்னொரு பவுடர் டப்பா. எல்லாம் ஒரு முழப் பிள்ளைக்கு. கல்யாணப் பெண்ணுக்குக்கூட இத்தனை சீர் வராது. உவரியிலிருந்து கருவாடு கொண்டுவருகிற ஒருத்தி, தொழில் தொடங்கிய புதிதில் நான் வேலை பார்த்த ஒரு வீட்டு வாசலில் கூடையை இறக்கினாள். உள்ளே பிள்ளையைக் கடலைமாவு போட்டுத் தேய்த்துக் கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். “மீனை ஒரசிக் கழுவுதது கொழம்புக்கு. இந்தப் புள்ளைய என்ன, கொழம்பா வைக்கப் போறீய?” என்று கேட்டுவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நூறு புத்தகம் படித்தாலும் இதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஆனால் கருவாடு விற்கிறவள் சொன்னால் நாம் கேட்போமா? நானே கேட்கவில்லை. அதைத்தான் எழுத வந்தேன்.

பிறக்கும்போது பிள்ளை மேல் வெண்ணெய் பூசினாற்போல ஒரு மாவு அப்பியிருக்கும். தாய் தேங்காய் தின்றாள், அதுதான் என்பாள் ஒருத்தி. அவல் தின்றாள் என்பாள் இன்னொருத்தி. ஒரு பிடி அவலுக்கு வழியில்லாத வீட்டுப் பிள்ளை மேலும் அது இருக்கிறதே, அது யார் வீட்டு அவல்? அந்த மாவுதான் பிள்ளைக்குப் போர்வை. கண்ணுக்குத் தெரிகிற போர்வையை உருவி எறிந்துவிட்டு, பிள்ளைக்குக் குளிருகிறது என்று மூன்று சேலையைச் சுற்றுவார்கள். அறிவு அப்படி.

டெல்லியில் புது ராஜாவுக்குப் பட்டங்கட்டியதற்கு முந்தின வருஷம் நடந்தது இது. நான் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்து, வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்க்கத் தொடங்கியிருந்தேன். புது விளக்குமாறு நன்றாகப் பெருக்கும் என்பார்களே, அப்படிப் பெருக்கிக் கொண்டிருந்தேன். மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் வீடு. பெயர் வேதமுத்து. அவர் மனைவி கிருபைக்குத் தலைப்பிரசவம். மாமியார் ஒருத்தி அந்த வீட்டை ஆண்டுகொண்டிருந்தாள். பிரசவம் சுகமாக நடந்தது. ஆண் பிள்ளை. தொப்புள்கொடியை அறுத்து நான் நிமிருவதற்குள் மாமியார் விளக்கை எடுத்துக்கொண்டு வந்தாள். பிள்ளையின் காது மடலைப் புரட்டிப் பார்த்தாள். காது மடலின் நிறந்தான் பின்னால் உடம்பின் நிறமாகும் என்று ஒரு சாஸ்திரம் உண்டு.

“இது கறுக்கும்” என்றாள். “எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு கெடையாது. என் மூத்த மக பிள்ளையளப் பாக்கணும், மாம்பழம் மாதிரி.”

கிருபை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் நிறத்தைச் சொல்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாதா?

மாமியாரிடம் மருந்து இருந்தது. பயத்தமாவும் பாலேடும் குழைத்து உருட்டி, காலையும் மாலையும் பிள்ளை மேல் தேய்த்தால் பூனைமயிர் உதிரும், நிறம் வரும். உருண்டையை என் கையில் கொடுத்தாள். நான் அதை வாங்கிக் கீழே வைத்தேன். இதெல்லாம் பட்டிக்காட்டுப் பழக்கம், நான் ஆஸ்பத்திரிக்காரி, என்னிடம் சோப்பு இருக்கிறது என்றேன். என் பெட்டியைத் திறந்து அந்தச் சிவப்புச் சோப்பை எடுத்தேன். கார்பாலிக் சோப்பு. ஆஸ்பத்திரியில் நாங்கள் கை கழுவுவதற்காகக் கொடுத்தது. வாசனை தெருமுனை வரைக்கும் போகும். வேதமுத்து வாத்தியார் கதவோரம் நின்று மூக்கை உறிஞ்சிவிட்டு, “சீமை வாசம்லா” என்றார். பெருமையில் எனக்குத் தலை கூரையில் இடித்தது.

மாவுருண்டையை இகழ்ந்தவள் அதைவிடக் கொடியதைக் கையில் எடுத்தேன். மாமியாருடையது அறியாமை. என்னுடையதற்கு என்ன பெயர் வைப்பது? ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்கிறார்களே, அவன் முதல் ஆளை எப்படிக் கொன்றிருப்பான் என்று அன்றைக்கு நானே செய்து காட்டினேன். காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம். நுரை வரத் தேய்த்து, அந்தப் போர்வை மாவையெல்லாம் வழித்து எடுத்து, பிள்ளையைப் புளி போட்டுத் துலக்கிய செம்பாக்கினேன். மாமியாருக்குக்கூடத் திருப்தி.

நாலாம் நாள் கழுத்து மடிப்பு சிவந்தது. வெயில் காலம், வேர்க்குரு என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்கு நம்பிக்கை இல்லை. என்றாலும் அன்று மாலையும் சோப்புப் போட்டேன். ஐந்தாம் நாள் காலை கழுத்து, கக்கம், தொடையிடுக்கு எல்லாம் வெந்து நீர் கசிந்தது. தூக்கினால் பிள்ளை அலறினான். துணி பட்டால் அலறினான்.

உடனே வீட்டில் நீதிமன்றம் கூடியது. மாமியார் இரண்டு தீர்ப்புச் சொன்னாள். ஒன்று, பிள்ளைக்கு அக்கி வந்திருக்கிறது. குயவரைக் கூப்பிட்டுக் காவி எழுத வேண்டும். இரண்டு, தாய்ப்பால் சூடு, அந்தச் சூடுதான் தோலில் வெடிக்கிறது. மூன்று நாளைக்குப் பால் கொடுக்கக் கூடாது, சீனித்தண்ணீரைத் துணியில் நனைத்துக் கொடுத்தால் போதும். கிருபையின் கையிலிருந்து பிள்ளையை வாங்கித் தன் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

எனக்குத் தெரியும். அன்று காலையே தெரியும். பெட்டியிலிருந்த சோப்பைத் துணிக்கடியில் தள்ளி மறைத்தேன். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. இந்த வீட்டில் பெயர் கெட்டால் மிஷன் தெருவில் ஒரு கதவும் எனக்குத் திறக்காது. சோப்பை மட்டும் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டேன். ஆறிவிடும், யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்று நினைத்தேன். கெட்டிக்காரியின் கணக்கு!

இதற்குள் மாமியாருக்கும் அவள் மகன் வாத்தியாருக்கும் வேறொரு வழக்கு. அக்கிக்கு எழுதுகிறவர்கள் காவியைக் குழைத்துப் புண்ணைச் சுற்றிச் சிங்கம் வரைவது வழக்கம். சபைக்காரன் வீட்டில் சிங்கம் வரையலாமா? பாதிரி ஐயர் கேட்டால் என்ன சொல்வது? காவி மட்டும் பூசட்டும், சிங்கம் வேண்டாம் என்றார் வாத்தியார். சிங்கம் இல்லாத காவிக்கு என்ன வலு, அதற்குச் சுவருக்கே பூசலாமே என்றாள் மாமியார். அரை நாள் இப்படிப் போனது. கடைசியில் வாத்தியார் யோசித்துக் கண்டுபிடித்தார்.

“வேதத்துலயும் சிங்கம் வருதுல்லா. சின்னதா ஒண்ணு போட்டா தோஷம் இல்ல.”

பிள்ளை வெந்து கிடக்கிறது, இவர்கள் சிங்கத்துக்கு அளவெடுக்கிறார்கள். படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பது சும்மா வந்த சொல்லா? சிரிக்காதீர்கள். அந்த அரை நாளும் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளை நீங்கள் இன்னும் திட்டவில்லை. முதலில் அவளைத் திட்டுங்கள்.

ஆறாம் நாள் காலையில், தச்சநல்லூர்ப் பக்கம் சூளை வைத்திருந்த வேளார் ஒருவர் காவிக்கட்டியும் சிரட்டையுமாக வந்தார். என் வயதுதான் இருக்கும். பிள்ளையை வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். குந்தி உட்கார்ந்து, தொடாமல், முகத்தை மட்டும் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு சிரட்டையை எட்டத் தள்ளி வைத்தார்.

“இது அக்கி இல்ல. அக்கின்னா கொத்துக் கொத்தாக் கொப்புளம் எழும்பும், ஒரு பக்கமா ஓடும். இது மடிப்பு பாத்து வெந்திருக்கு. இதுல காவி வச்சா காய்ஞ்சு இழுக்கும். பச்சத்தோலு கிழிஞ்சிரும். நான் எழுத மாட்டேன்.”

“ஒமக்கு எழுதத் தெரியலன்னு சொல்லும் வேளாரே” என்றாள் மாமியார்.

“தெரியலன்னே வச்சுக்கோங்கம்மா. ஈரம் காயாத பானையச் சூளையில வச்சா வெடிக்கும்னு மட்டும் தெரியும்.” பிள்ளையை மறுபடியும் பார்த்தார். “இதை எதுல குளிப்பாட்டுதீய?”

அவர் கண் என் கைக்கு வந்தது. விரலிடுக்கெல்லாம் வெளுத்துத் தோல் உரிந்த கை. ஆறு வருஷமாக அது அப்படித்தான். தெருவில் அதற்கு ‘ஆஸ்பத்திரிக் கை’ என்று பெயர். நானும் அதைப் பதக்கம் மாதிரி நீட்டிக்கொண்டு திரிந்தவள்.

“ஒங்க கையி ஏன் தாயி இப்படி உரிஞ்சிருக்கு?”

கேள்வி அவ்வளவுதான். வெந்நீரில் கிடக்கிற கை, அப்படித்தான் இருக்கும் என்று சொல்லியிருந்தால் அவர் எழுந்து போயிருப்பார். சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்போது உள்வாசலில் நின்ற கிருபையைப் பார்த்தேன். ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்து பால் சொட்டிக் கொண்டிருந்தது. ஒரு நாளாகக் கட்டிக் கிடக்கிற பால். பிள்ளை சத்தம் கேட்டால் தானாக வடிகிறது. இந்தப் பக்கம் அந்தப் பிள்ளை, காய்ந்த உதட்டோடு சீனித்தண்ணீர்த் துணியைச் சப்பிக்கொண்டு கிடக்கிறான். என் பெயரைக் காப்பாற்ற நான் வைத்திருந்த மௌனம் அந்தப் பாலுக்கும் அந்த உதட்டுக்கும் நடுவில் நிற்கிறது.

“சோப்பு” என்றேன். “ஆஸ்பத்திரிச் சோப்பு. நான்தான் போட்டேன். பால் மேல ஒரு பழியும் இல்ல. கிருபை, பிள்ளைய எடு, பால் குடு.”

கிருபை மாமியாரைப் பார்க்கவில்லை. நேரே வந்தாள், எடுத்தாள், அங்கேயே தரையில் உட்கார்ந்து மார்பில் வைத்தாள். பிள்ளை முதலில் பிடிக்கவில்லை. இரண்டு தரம் நழுவினான். மூன்றாம் தரம் பிடித்தான்.

“தெரிஞ்சிருந்தும் நேத்தைக்கே ஏன் சொல்லல?” என்று கேட்டாள் மாமியார். நியாயமான கேள்வி. அந்த வீட்டில் அவள் கேட்ட ஒரே நியாயமான கேள்வி. எதற்கெடுத்தாலும் ஒரு சொலவடை வைத்திருக்கிற எனக்கு ஒன்றும் வரவில்லை. பயந்துவிட்டேன் என்றேன்.

வாத்தியாருக்கோ இன்னும் சந்தேகம் தீரவில்லை. “சீமைச் சோப்புல்லா? அது எப்படிச் சுடும்?” என்று வேளாரிடமே கேட்டார். வேளார் சிரித்துவிட்டார். சூளையில் கை சுட்டால் நாங்கள் வாழைக்குருத்தில்தான் வைப்போம், குருத்தை வெட்டி எண்ணெய் தடவிப் பிள்ளையை அதில் போடுங்கள், துணி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, காவிக்கட்டியை மடியில் கட்டிக்கொண்டு போனார்.

மாமியார் என்னை வெளியே போகச் சொன்னாள். டாக்டரம்மா வந்து பார்த்துச் சொல்லட்டும், போகிறேன் என்றேன். வாத்தியார் ஓடினார். டாக்டரம்மா வந்தார். குருத்திலையைத் தூக்கிப் பார்த்தார், தடவிய தேங்காயெண்ணெயை முகர்ந்து பார்த்தார், இருக்கட்டும் என்றார். காய்ச்சி ஆறிய தண்ணீர், நல்ல எண்ணெய், தாய்ப்பால், வேறு ஒன்றும் கூடாது, ஒருவர் கையும் படக் கூடாது. பிழைக்குமா என்று கேட்டார் வாத்தியார். காய்ச்சல் வராவிட்டால் என்றார் டாக்டரம்மா. பிறகு என் பக்கம் திரும்பி, தம்முடைய தமிழில், “அந்தச் சோப்பு உன் கைக்குக் கொடுத்தது. குழந்தைக்கு என்று யார் சொன்னது?” என்று கேட்டார்.

யாரும் சொல்லவில்லை.

“இதைக் கெடுத்தது நீ. நீயே இருந்து பார்” என்றார். மாமியாரால் அதற்கு மறுத்துப் பேச முடியவில்லை. அந்த அம்மாள் சிவப்பல்லவா?

அடுத்த எட்டு நாளும் நான் பார்த்த வேலை என்னவென்று நினைக்கிறீர்கள்? வாசலில் உட்கார்ந்து மற்றவர்களுடைய கையைத் தடுத்தது. ஒருத்தி வசம்பு கரைத்துக்கொண்டு வந்தாள். ஒருத்தி மஞ்சள். ஒருத்தி அடுப்புச் சாம்பலைச் சலித்துப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தாள், அவள் பிள்ளைக்கு அதில்தான் சரியானதாம். ஜெபம் செய்த எண்ணெய் என்று கிண்ணத்தோடு ஒருவர். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்க ஆண்டி ஒருவன் போதும், எனக்கு ஒரு தெருவே ஆண்டியாக வந்தது. வாயில் வந்ததைச் சொல்லி அனுப்பினேன். அந்தத் தெருவில் சிலர் அதன்பின் என்னோடு பேசவே இல்லை. நஷ்டமில்லை.

அந்த எட்டு நாளில் ஒரு நாள் பிள்ளை அழவில்லை. காலையிலிருந்து சத்தமே இல்லை. உடம்பு சுட்டது. இத்தனை நாள் அலறலைக் கேட்டுக் காதைப் பொத்தியவர்கள் எல்லாரும் ஒரு சிணுங்கலுக்குக் காத்துக் கிடந்தோம். மார்பைப் பிடிக்கத் தெம்பில்லை. கிருபை பாலைப் பீய்ச்சிப் பஞ்சில் நனைத்து, ஒரு சொட்டு, ஒரு சொட்டாக உதட்டில் வைத்தாள். எதையாவது செய், எதையாவது பூசு என்று என் கை பரபரத்தது. அதை மடியில் அமுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெயில் தாழ்ந்தபோது பிள்ளை முகத்தைச் சுளித்து வீறிட்டான். அந்தச் சத்தத்துக்கு வாத்தியார் முழங்காலில் விழுந்தார். இரண்டு நாளில் உடம்பு ஆறியது. பழைய தோல் வெங்காயச் சருகு மாதிரி கிளம்பியது. பிய்க்கவேண்டும் போலிருக்கும், பிய்க்கவில்லை. தானாகக் காய்ந்து உதிர்ந்தது.

உங்களுக்கு ஒன்று சொல்லுகிறேன். பிழை செய்யாமல் யாரும் இந்த வேலையைப் பார்த்ததில்லை. செய்ததில்லை என்று ஒருத்தி சொன்னால் அவளிடம் உங்கள் பிள்ளையைக் கொடுக்காதீர்கள். ஆனால் பிழையைக் கண்ட நாழிகையிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு நாள் தள்ளிப் போட்டால் அந்தப் பழி போய் வேறொருத்தி மார்பில் உட்காருகிறது. தாங்கக்கூடியவர் மேல் அது உட்காருவதே இல்லை.

பதினாலாம் நாள் பிள்ளை முழுதாக ஆறிக் கிடந்தான். புதுத்தோல், தொட்டால் தாமரையிலை மாதிரி. மாமியார் வந்தாள். குனிந்து கழுத்தைப் பார்த்தாள், கக்கத்தைப் பார்த்தாள், காது மடலைப் புரட்டினாள்.

“தோலு உரிஞ்சும் நெறம் மாறலியே” என்றாள்.

செத்துப் பிழைத்த பேரப்பிள்ளைக்கு அவள் சொன்ன முதல் வாழ்த்து அது. எனக்கு ஒரு சொல் நாக்கு நுனிவரை வந்தது. கிருபை என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாள். பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நான் பயந்தபடியே மிஷன் தெரு ஒரு வருஷம் எனக்குக் கதவடைத்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய் வேலை பார்த்தேன்.

பிள்ளைக்கு மூன்று மாதத்தில் ஞானஸ்நானம் வைத்தார்கள். என்னை யாரும் அழைக்கவில்லை. நானாகப் போய்க் கடைசிப் பாயில் உட்கார்ந்தேன். கோயில் நிறைய ஆட்கள். மாமியாரின் மூத்த மகளும் அவள் மாம்பழங்களும் முன்வரிசையில். பாதிரி ஐயர் பிள்ளையை வாங்கிக்கொண்டு, கை நிறையத் தண்ணீர் அள்ளினார். கணீரென்று பிரசங்கம் பண்ணுகிற, பெரிய உள்ளங்கைக்காரர்.

“பைய, ஐயரே” என்று ஒரு பெண்குரல் கேட்டது.

கிருபைதான். புருஷன் வீட்டில் பதில் பேசி யாரும் கேட்டறியாத கிருபை. மாமியார் அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டு ஓரடி முன்னால் போனாள்.

“பைய ஊத்தும். புதுத்தோலு.”

பாதிரி ஐயரின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு விரலை விரித்து, அள்ளிய தண்ணீர் முழுவதையும் தொட்டியிலேயே வழிய விட்டார். விரல் நுனியில் தங்கின துளிகளை மட்டும் பிள்ளையின் நெற்றியில் வைத்தார்.

பிள்ளை கொட்டாவி விட்டான்.